நாலு சுவரில் மூன்றை நானே போட்டேன்

வீட்டு வெளிச்சுவரில், ஜன்னலுக்குக் கீழே பெயிண்ட் லேசாக உப்பியிருந்தது, அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்த்தேன். மரம் தடுக்கும் என்று நினைத்த இடத்தில் எதுவும் தடுக்கவில்லை, கம்பி முழுக்க உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தால் முனையில் கருப்பாக, ஈரமாக, ஊறிய அட்டை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அது ஒரு காலத்தில் பிளைவுட்.

வீடு மரச்சட்டத்தில் நிற்பது. சட்டத்தின் மேல் பிளைவுட், அதற்கு மேல் பழைய மரப்பலகை. பலகைகள் ஏற்கெனவே அங்கங்கே வளைந்து கிடந்தன, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடித்தே அலுத்திருந்தேன், அதனால் மொத்தமாகக் கழற்றிவிட்டுப் புது சைடிங், அதாவது வெளிச்சுவரை மூடும் பலகை, போடுவது என்று முடிவானது. ஃபைபர் சிமென்ட் என்கிற நார் கலந்த சிமென்ட் பலகையைத்தான் முதலில் ஆசையாகப் பார்த்தேன். நெருப்புக்கு அஞ்சாது, ஆணி அடித்தால் கல் மாதிரி நிற்கும். ஆனால் நல்ல கனம், ஒரு ஆளாகத் தூக்கிப் பிடிக்க முடியாது, அறுக்கும்போது பறக்கிற சிலிக்காத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முதல்முறை கை வைக்கிறவனுக்கு அது வேண்டாம் என்று பிளாஸ்டிக் வகையான வினைலுக்கு வந்தேன். வினைலைக் கத்தியால் கீறி மடக்கினாலே முறிந்துவிடும். அந்த லேசுத்தனம்தான் என்னை ஏமாற்றியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நானே போடுவதா, ஆளை விடுவதா என்று தெரியாமல் மூன்று கான்ட்ராக்டர்களைக் கூப்பிட்டேன். முதல் ஆள் நேரில் வரவே இல்லை, போனிலேயே சுவரின் நீள அகலம் கேட்டு ஒரு தொகை சொன்னார். இரண்டாமவர் வந்தார், டேப் வைத்து அளந்தார், பழைய பலகை மேலேயே புதுசை அடித்துவிடலாம், சீக்கிரம் முடியும் என்றார். மூன்றாமவர் அளவெடுக்கும் முன்னால் வீட்டை ஒரு சுற்று சுற்றினார், இரண்டு இடத்தில் மண்டியிட்டுக் கட்டை விரலால் பலகையை அழுத்தினார், பின்கட்டின் கூரை சுவரில் வந்து முட்டும் மூலையைக் காட்டி, "இதுக்குக் கீழே ஊறியிருக்கும், கழட்டினாத்தான் எவ்வளவுன்னு தெரியும்" என்றார். அவர் சொன்ன தொகைதான் மூன்றிலும் பெரியது. மூன்று மதிப்பீட்டிலும் பாதிக்கு மேல் கூலிதான், பொருள் விலை இல்லை. அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் வருகிற அதே எண்ணம் எனக்கும் வந்தது: இதைத்தான் நாமே செய்யலாமே.

செய்யலாம்தான். ஆனால் வீட்டை மொத்தமாகப் பார்த்து முடிவு பண்ணாமல் சுவர் சுவராகப் பிரித்துப் பார்த்தேன். என் வீட்டுக் கூரை நாலு பக்கமும் சரிந்து இறங்குவது, அதனால் மூன்று சுவர்கள் தரையிலிருந்து இறவாரம் வரை 9 அடிதான், சின்ன ஏணியில் முடிந்துவிடும். நாலாவது பக்கம் நிலம் சரிவு, அங்கே சுவர் இரண்டு மாடி உயரம், ஏணியின் கால் சமமாக நிற்காது, பின்கட்டுக் கூரை வந்து முட்டுவதும் அங்கேதான். ஏணியைச் சுவரில் சாத்தும்போது நாலடி உயரத்துக்கு ஒரு அடி வீதம் அடியைத் தள்ளி வைக்க வேண்டும், இரண்டு காலும் சமதளத்தில் நிற்க வேண்டும். அந்தச் சரிவில் அது நடக்காத காரியம். அந்த ஒரு சுவரை மட்டும் போட்டுத் தருவீர்களா என்று கேட்டேன். இருவர் முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். மூன்றாமவர் கொஞ்சம் யோசித்து, சரி, ஆனால் மூலைக் கம்பம் இரண்டும் நான்தான் நிறுத்துவேன், நீங்க அதுவரைக்கும் வந்து சேருங்க என்றார். மூலைக் கம்பம் என்பது சுவர் மூலையில் நிறுத்தும் பட்டை, பலகைகளின் முனை அதற்குள்தான் நுழையும். அப்படித்தான் மூன்றும் ஒன்றுமாகப் பிரிந்தது.

கணக்கு எளிது. 40 அடிச் சுவர் இரண்டு, 26 அடிச் சுவர் ஒன்று, எல்லாம் 9 அடி உயரம், மொத்தம் 954 சதுர அடி. வினைலை விற்பதும் வீடு கட்டுகிறவர்கள் சொல்லும் அதே சதுரக் கணக்கில்தான், 100 சதுர அடி ஒரு சதுரம். ஜன்னல் இடத்தைக் கழிக்காமல், சேதாரத்துக்கு நூற்றுக்குப் பத்து கூட்டி 11 சதுரம் வாங்கினேன். கடையில் ஜன்னலைக் கழித்துவிடச் சொன்னார்கள், கேட்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று, ஜன்னலைச் சுற்றி வெட்டித்தான் பாதி சேதாரமே வந்தது.

கழற்றுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. 1980க்கு முந்தைய வீடு, வெளிச்சுவரில் கெட்டியான சாம்பல் நிறச் சிமென்ட் தகடுகள் இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. உடைக்காதீர்கள், சோதனைக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் பேசுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருப்பதும் இப்படித்தான். இந்த இரண்டில் எது இருந்தாலும் நாமே செய்யலாமா என்ற கேள்வி அங்கேயே முடிந்தது. என்னுடையது வெறும் மரம், அதுவும் அதற்குப் பின்னால் வந்தது, தப்பித்தேன். பல ஊர்களில் சைடிங் மாற்ற அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அதையும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

கடப்பாரையும் ஆணிக் கொறடுமாகக் கழற்ற ஒன்றரை நாள். ஜன்னலுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவர் இறங்கிய ஓட்டை கழற்றியதும் ஒரு கதவு அகலத்துக்கு விரிந்தது. நல்ல மரம் வருகிறவரை அறுக்க வேண்டும் என்பார்கள், எது நல்ல மரம் என்று எப்படித் தெரியும்? நான் கண்டுபிடித்த வழி சத்தம்தான். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனால் ஊறிய இடம் 'தொப் தொப்' என்கிறது, காய்ந்த இடம் 'டக்' என்கிறது. 'டக்' கேட்ட இடத்திலிருந்து அரை அடி தாண்டிப் பக்கத்துச் சட்டத்தின் நடுவில் கோடு போட்டு அறுத்தேன், அப்போதுதான் புதுப் பலகையின் ஓரமும் பழைய பலகையின் ஓரமும் ஒரே சட்டத்தில் உட்காரும். சட்டம் நல்லவேளையாகக் கெடவில்லை, மேல்தோல் மட்டும் நிறம் மாறியிருந்தது, இரண்டு வாரம் காய விட்டேன்.

வேலையே இங்கேதான் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. வினைல் சைடிங் தண்ணீரை முழுக்கத் தடுக்காது. தடுக்கும்படி அது செய்யப்படவும் இல்லை. ஒவ்வொரு பலகையின் கீழ் மடிப்பிலும் குட்டிக் குட்டி ஓட்டைகள் இருக்கும், உள்ளே வந்த தண்ணீர் வடிந்து போவதற்கு. அதாவது உள்ளே வரும் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். வீட்டைக் காப்பாற்றுவது அதற்குப் பின்னால் சுவரைச் சுற்றிப் போர்த்துகிற ஹவுஸ்ராப் விரிப்பும் ஜன்னல் ஓரத்து டேப்பும் தகர மடிப்புகளும்தான், எல்லாம் முடிந்த பிறகு யார் கண்ணிலும் படாதவை. ஹவுஸ்ராப் மழைநீரை நிறுத்தும், சுவருக்குள் இருக்கும் ஈர ஆவியை வெளியே விடும். ஓடு வேய்கிற மாதிரி கீழிருந்து மேலே போக வேண்டும், மேல்சுற்று கீழ்ச்சுற்றின் மேல் 6 அங்குலமாவது ஏற வேண்டும். மாற்றிப் போட்டால் தண்ணீருக்கு நாமே வாசல் திறந்துவிட்ட மாதிரி.

ஜன்னலில்தான் கோட்டை விட்டேன். அழுகல் இருந்த இடத்து ஜன்னலைக் கழற்றி மறுபடி மாட்டினேன். அடியில் டேப், அதன் மேல் ஜன்னல், பிறகு இரண்டு பக்க விளிம்புக்கும் டேப், கடைசியில் அந்தப் பக்க டேப்பின் மேல் ஏறும்படி தலைக்கு மேல் ஒன்று. இதுவரை சரி. அதோடு நிறுத்தாமல், ஒட்டுவதில் ஒரு உற்சாகம் வந்து கீழ் விளிம்புக்கும் சேர்த்து நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டு, நாலு பக்கமும் அடைத்தாயிற்று என்று பெருமையாகப் பின்னால் நகர்ந்து பார்த்தேன். ஏணியைப் பிடிக்க வந்திருந்த மச்சினன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ள போன தண்ணி எப்படி மாமா வெளிய வரும்?" என்றான். கட்டட வேலை எதுவும் தெரியாதவன். அவன் கேட்டதுதான் விஷயமே. கீழ் விளிம்பை மூடக்கூடாது, மேலேயும் பக்கத்திலும் தப்பி உள்ளே வந்தது அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும். டேப்பை உரிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது, உரித்ததில் ஹவுஸ்ராப்பும் கொஞ்சம் கிழிந்தது.

அடுத்தது ஸ்டார்ட்டர் ஸ்ட்ரிப், முதல் பலகை கொக்கி போட்டு உட்காரும் அடிப்பட்டை. இது கால் அங்குலம் கோணினால் அந்தக் கோணல் 14 வரிசையும் கூடவே ஏறிவந்து இறவாரத்துக்கு அடியில் போய்ப் பல்லிளிக்கும். தரையிலிருந்து அளக்கக் கூடாது, தரையும் அஸ்திவாரமும் மட்டமாக இருக்கும் என்று யார் சொன்னது? லேசர் மட்டம் வாடகைக்கு எடுக்கலாம் என்றுதான் இருந்தேன், அப்புறம் மலிவாகத் தண்ணீர் டியூபிலேயே வேலையை முடித்தேன். காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, ஒரு முனையை மூலையில் குறித்த இடத்தில் வைத்துக்கொண்டு மறு முனையை அடுத்த மூலைக்குக் கொண்டு போனால், தண்ணீர் நிற்கிற இடம் மட்டம். 106 அடி சுற்றிவந்து இந்தக் கோடியில் முதல் குறியும் அந்தக் கோடியில் கடைசிக் குறியும் மட்டத்தில் ஒரு பென்சில் கோட்டு அகலம்கூட விலகவில்லை. அதன்மேல் நூல் தட்டி ஸ்ட்ரிப்பை அடித்தேன். மொத்த வேலையில் எந்தக் குறையும் இல்லாமல் செய்தேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

மூலைக் கம்பங்களை நிறுத்தும்போது ஒரு விஷயம் புரியாமலே செய்தேன். மேலே இறவாரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே கால் அங்குலம் விட்டு, ஆணிக்கென்று இருக்கும் நீள ஓட்டைகளில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதன் உச்சியில் முதல் ஆணி, மற்ற ஆணியெல்லாம் ஓட்டையின் நடுவில். கம்பம் அந்த முதல் ஆணியில் தொங்குகிறது, மற்றவை ஆடாமல் பிடித்துக்கொள்கின்றன. குறிப்பில் இருந்தது, அப்படியே அடித்தேன். அதே தர்க்கம்தான் எல்லாப் பலகைக்கும் என்று அப்போதே உறைத்திருந்தால் அடுத்த வாரம் அவமானப்பட்டிருக்க மாட்டேன்.

வினைல் பலகை 12 அடி 6 அங்குலம். குளிருக்கும் வெயிலுக்கும் நடுவே அது அரை அங்குலம், சில நேரம் அதற்கும் மேல் நீண்டு சுருங்கும். அதனால் பலகையை ஆணியால் இறுக்கக் கூடாது, ஆணியில் தொங்கவிட வேண்டும். ஆணித் தலைக்கும் வினைலுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி, நீள ஓட்டையின் நடுவில், நேராக, 16 அங்குலத்துக்கு ஒன்று, மரத்துக்குள் 1¼ அங்குலமாவது இறங்கி. இதையெல்லாம் நான் படித்திருந்தேன். ஆனால் ஆணி என்று கையில் வந்ததும், ஆயுசுக்கும் பழகிய பழக்கம், கடைசியாக ஒரு அடி கூடுதலாகப் போட்டால்தான் மனசு ஆறுகிறது. மேகமூட்டமான ஒரு காலையில் பின்சுவரில் ஐந்து வரிசை ஏற்றிவிட்டேன். சுத்தமாக, தட்டையாக, அழகாக இருந்தது, போட்டோகூட எடுத்தேன்.

மறுநாள் பிற்பகல் வெயில் நேராக அந்தச் சுவரில் விழுந்தது. மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க அலை அலையாக இருக்கிறது. ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே ஒவ்வொரு பலகையும் வயிறு தள்ளி நிற்கிறது. அதுவரை வாசல் பக்கமே வராத மனைவி அன்றைக்கென்று வந்து, "இது டிசைனா?" என்று கேட்டாள்.

கழற்றுவதற்கு ஸிப் டூல் என்று ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது, பலகையின் கீழ் மடிப்புக்குள் விட்டுக் கீழே இழுத்துக்கொண்டே ஓட்டினால் கீழ்ப் பலகையோடு பிடித்திருக்கும் பூட்டு திறந்துகொள்ளும். ஒரு பலகையின் ஆணி மேல் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் ஐந்தாவது வரிசையிலிருந்துதான் கீழே இறங்கிவர வேண்டும். பிடுங்கும்போது ஏழெட்டுப் பலகையின் ஆணி விளிம்பு கிழிந்தது. இன்னொரு தப்பும் அப்போதுதான் தெரிந்தது: பூட்டு விழுந்ததும் பலகையைக் கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆணி அடித்திருக்கிறேன். இழுக்கக் கூடாது, பூட்டு விழும் வரை தள்ளிவிட்டு அப்படியே விட வேண்டும்.

இரண்டாம் முறை ஒரு வழி வைத்துக்கொண்டேன். ஆணி முழுக்க இறங்கும் முன் சின்னத் தகரத் துண்டு ஒன்றை ஆணித் தலைக்கு அடியில் செருகி, அதுவரை அடித்து, துண்டை உருவினேன். ஒரு வரிசை முடிந்ததும் பலகையை இரண்டு கையாலும் பிடித்து இடவலமாகத் தள்ளிப் பார்ப்பேன். சரசரவென்று நகர வேண்டும். நகராவிட்டால் ஏதோ ஒரு ஆணி பிடிக்கிறது, தேடிப் பிடித்துத் தளர்த்துவேன். நாற்பது ஐம்பது பலகைக்குப் பிறகு தகரத் துண்டு தேவைப்படவில்லை, கையே கற்றுக்கொண்டது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகையின் முனை மூலைக் கம்பத்துக்குள்ளும் ஜன்னல் ஓரத்தில் அடிக்கும் ஜே சானல் பட்டைக்குள்ளும் நுழையும் இடத்தில் கால் அங்குலம் விட வேண்டும், 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரில் போட்டால் 3/8 அங்குலம். பலகையும் பலகையும் சேரும் இடத்தில் ஒரு அங்குலம் ஏற்றம், அந்த ஏற்றத்தின் வாய் ஆட்கள் நடந்துவரும் பக்கத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஒவ்வொரு இணைப்பும் கண்ணை உறுத்தும். பலகையின் முகத்தில் ஆணி கூடாது. இணைப்புகளில் சீலண்ட், அதாவது இடைவெளி அடைக்கும் பசை, அப்பக் கூடாது. வினைல் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இளகத் தொடங்கும், எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயிலே சில சமயம் அந்த வேலையைச் செய்துவிடும். வரிசைக்கு 8 அங்குலம் என்றால் 9 அடிச் சுவரில் 13 வரிசை முழுசாக வரும், 14ஆவதை நீளவாக்கில் பாதியாக வெட்ட வேண்டும். வெட்டிய ஓரத்தில் பூட்டும் இருக்காது, ஆணி ஓட்டையும் இருக்காது. அதற்கென்றே ஒரு பஞ்ச் உண்டு, 6 அங்குலத்துக்கு ஒரு முறை குத்தினால் காது மாதிரி தூக்கிக்கொள்ளும், இறவாரத்துக்கு அடியில் அடித்திருக்கும் முடிப்புப் பட்டைக்குள் அந்தக் காதுகள் போய்க் கொக்கி போட்டுக்கொள்ளும்.

ஐந்து வார இறுதியில் முடியும் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். பதினொன்று ஆனது. அதில் மூன்று மழை, ஒன்று அந்த அலை.

நாலாவது சுவருக்கு ஆட்கள் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் தாமதமாகத்தான் வந்தார்கள், ஆனால் வந்த பிறகு மூன்று பேர், இரண்டு நாள், முடிந்தது. காலையில் ஒரு மணி நேரத்தில் சரிவில் சாரம் எழுப்பினார்கள். சுவர் நீளத்துக்கு ஒரே பலகை, அதில் நின்றபடியே காலால் மிதித்து மிதித்து மேலே ஏற்றிக்கொள்கிறார்கள், யாரும் ஏணியை நகர்த்தி நகர்த்தி வைக்கவில்லை. அன்று கட்டை விரலால் அழுத்திக் காட்டிய மூலையைத் திறந்தபோது மூன்றடிக்கு இரண்டடி பிளைவுட் கையோடு வந்தது. காரணம் ஒரு சின்னத் தகரம் இல்லாததுதான். கூரை ஓரமாக வழிந்துவரும் தண்ணீர் கூரை முடிகிற இடத்தில் சுவரை விட்டு வெளியே தாவிக் கூரை ஓரத்து மழைநீர்க் குழாயில் விழ வேண்டும், அப்படித் தள்ளிவிட அங்கே ஒரு மடக்குத் தகரம் வைக்க வேண்டும், கிக் அவுட் ஃபிளாஷிங் என்கிறார்கள். வீட்டை முதலில் கட்டியவர்கள் அதை வைக்கவில்லை, இத்தனை வருஷமும் தண்ணீர் நேராகப் பலகைக்குப் பின்னால் இறங்கியிருக்கிறது. நான் போட்டிருந்தால் அழுகியதை மாற்றியிருப்பேன், தகரத்தை வைத்திருக்க மாட்டேன், அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அதற்காக அவர்கள் செய்ததெல்லாம் வேதம் என்றும் சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் மாலை கீழிருந்து பார்த்தபோது மேல் மூலையில் ஒரு துண்டுப் பலகையின் முகத்திலேயே ஆணி பளபளத்தது. மூன்று மாதம் முன்பு என்றால் எனக்கு அது கண்ணில் பட்டிருக்காது. காட்டினேன். மூன்றாமவர் மேலே பார்த்தார், தன் ஆளைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் ஏறிப் போய் மாற்றிக் கொடுத்தார். இறங்கி வந்ததும் என் சுவர் பக்கம் போய், நடுவில் ஒரு பலகையைப் பிடித்து இடவலமாகத் தள்ளினார். சரசரவென்று நகர்ந்தது. அடுத்ததையும் தள்ளினார். "ம்" என்றார். சம்பளம் கொடுத்ததுபோக அந்த 'ம்' எனக்கு வந்த கூலி.

ஆளை விடுவதென்றால் கேட்க வேண்டிய கேள்வியும் எனக்கு அந்த இடத்தில்தான் பிடிபட்டது. எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்டால் எல்லாரும் பெரிய எண்ணாகத்தான் சொல்வார்கள். ஆணியை எவ்வளவு இறுக்குவீர்கள் என்று கேளுங்கள், நல்லா டைட்டா அடிப்போம் என்று பதில் வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். அழுகல் இருந்தால் அதற்குத் தனியாக எப்படிக் கணக்கு, சாரத்திலிருந்து ஆள் விழுந்தால் காப்பீடு யாருடையது, இந்த இரண்டும் எழுத்தில் வேண்டும். நாமே போடும்போதும் ஒரு சிக்கல் உண்டு: கம்பெனிக் குறிப்பின்படி போடவில்லையென்றால் வாரன்டி கேட்டுப் போய் நிற்க முடியாது, அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் மூடுவதற்கு முன் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், அந்த ஐந்து வரிசை போட்டோவைத் தவிர.

குளிர் வந்த பிறகு ஒரு காலை, முன்சுவரில் ஒரு இணைப்பில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. பலகை சுருங்கி, ஒரு பக்கமாகவே நகர்ந்து போய், ஏற்றம் கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கை இரண்டையும் பலகையில் அப்பி வைத்துத் தள்ளினேன். நகர்ந்து வந்து மூடிக்கொண்டது.